நான்கு நிமிடத் தூரம்

காலை ஒன்பது ஐந்துக்குக் கல்லுமேட்டில் விமானம் ஏறியவர்கள் ஒன்பது ஒன்பதுக்குச் சங்குத்துறையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இடையிலிருந்த நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டரைத் தொலைமடிப்பி மடித்துவிட்டிருந்தது. வேட்டியின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்தால் நடுத்துணி உள்ளே போய்விடுகிறதல்லவா, அவ்வளவுதான் விஞ்ஞானம். பெட்டிகள் வந்துசேர மட்டும் நாற்பது நிமிடம் ஆகும். அதை மடிக்கும் வழி இன்னும் யாருக்கும் தெரியவில்லை.

"தூரத்தை ஒழித்துவிட்டோம்" என்று திறப்பு விழாவில் முழங்கியவர், தொலைமடிப்பு வாரியத்தின் துணை இயக்குநர் தில்லைநாயகம்.

அவருடைய அக்கா பூரணம் சங்குத்துறையில் இருந்தாள். பதின்மூன்று மணி நேரம் பேருந்தில் இடுப்பொடியப் போகவேண்டியிருந்த காலத்தில் வருடத்துக்கு மூன்று முறை போனார். போனால் நாலு நாள் தங்குவார். மடிப்பி வந்த ஏழு வருடங்களில் பதினோரு முறை சங்குத்துறையில் இறங்கியிருக்கிறார். எல்லாம் ஆய்வுப் பணி. பொன்னாடை போர்த்துவார்கள், அடுத்த விமானத்தில் திரும்பிவிடுவார். அக்கா வீடு விமான நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர். நாலு நிமிடம்தானே, எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

மாசியில் அக்காவுக்கு மூச்சு வாங்குகிறது என்று தகவல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். எந்த ஞாயிறு என்று சொல்லவில்லை.

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை, நான்கு நிமிடத்தை மூன்றரையாகக் குறைப்பது பற்றிய உயர்மட்டக் கூட்டம். காலை ஆறரைக்கே கைபேசிகளை வெளியே வாங்கி வைத்துவிட்டார்கள். மதியம் வெளியே வந்தபோது அத்தான் வடுகநாதனிடமிருந்து ஒன்பது அழைப்புகள். பத்தாவதை எடுத்தார்.

"மாப்ளே, உங்கக்காவ எடுத்தாச்சு. இப்பத்தான் குளிச்சிட்டு உக்காந்தேன்."

"நான் வர்ற வரைக்கும் வச்சிருக்கக் கூடாதா அத்தான்?"

"விடியக்காலைல போயிட்டா. ஏழு மணிலேர்ந்து கூப்புடுறேன். வெளிநாட்டுலேர்ந்து வரணும்னா ரெண்டு நாள்கூட வச்சிருப்பாங்க. தூரத்துலேர்ந்து யாரு வரணும்னு ஊர்ல கேட்டாங்க. நான் என்னத்தச் சொல்றது? நாலு நிமிஷத்துல வரவேண்டியவரு நாலு மணி நேரமா வரலன்னா, வரலன்னுதானே மாப்ளே அர்த்தம்?"

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம் என்று தில்லைநாயகத்துக்குத் தோன்றியது.

அடுத்த விமானத்தில் ஏறினார். அழுகை தொண்டைக்கு வருவதற்குள் சங்குத்துறை வந்துவிட்டது.

வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் ஒன்றுவிட்ட தம்பி முத்தரசு பாயில் படுத்திருந்தான். மடிப்பி எட்டாத ஏதோ ஒரு ஊரிலிருந்து மூன்று பேருந்து மாறி முந்தாநாளே வந்தவன். அக்காவுக்குக் கடைசித் தண்ணீர் கொடுத்தது அவன்தானாம்.

"ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன், அத்தான்" என்றார் தில்லைநாயகம்.

"எதுக்கு மாப்ளே?" என்றார் வடுகநாதன், உண்மையான அக்கறையோடு. "வீட்டுல போய் நல்லாத் தூங்குங்க. பாயெல்லாம் தூரத்துலேர்ந்து வந்தவங்களுக்கே பத்தல."