பவளவல்லியின் குரற்பெட்டி

சந்திரனின் தென்முனைக் குடியிருப்பில் நாற்பது வயதானால் குரல் போய்விடும். அங்குள்ள தூசி அப்படி. வடிகட்டிக்குத் தப்பி உள்ளே வந்து குரல்நாணைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். பூமியில் நரை விழுவதுபோல, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அரைநாள் விடுப்பில் போய்க் கழுத்தில் குரல்துளை வைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அதில் செருகும் குரற்பெட்டியை மட்டும் வீட்டிலேயே செய்ய வேண்டும். தொழிற்சாலைக் குரலுக்குத் தடை. ஒருமுறை நானூறு பேருக்கு ஒரே குரல் வந்து, யார் வீட்டுக்காரி யாரைக் கூப்பிடுகிறாள் என்று தெரியாமல் பல குடும்பங்களின் கதை சந்தி சிரித்துவிட்டது.

பெட்டி செய்வது பெரிய வித்தையில்லை. ஒலி எழுப்ப ஓர் அலையாக்கி, அதைச் சீவிக் குரலாக்க ஒரு வடிப்பான், மின்னோட்டத்தைச் சீராக்க ஒரு கண்டென்சர், கழுத்துத் துளையில் செருக ஒரு ஜாக், இணைக்க நாலு வயர். கணவனுக்கு மனைவியும் மனைவிக்குக் கணவனும் செய்துகொடுப்பது வழக்கம். ஒன்பது வருடத்துக்கு முன் சிகாமணிக்குக் குரல் போனபோது பவளவல்லி ஒரே வாரத்தில் செய்துகொடுத்துவிட்டாள். அவள் குரல் போய் மூன்று வருடமாகிறது. சிகாமணி இன்னும் பாகங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

முதல் வருடம் முழுக்க ஜாக் பார்த்தார். மூன்றரை மில்லிமீட்டரா, கால் அங்குலமா, பனானாவா? நிக்கல் முலாமா, தங்க முலாமா? அடுத்த வருடம் கண்டென்சர். பீங்கான் கண்டென்சர் இரையும் என்று முகம் தெரியாத நாலாயிரம் பேர் வலைமன்றத்தில் எழுதியிருந்தார்கள். இரையாது என்று இன்னொரு நாலாயிரம் பேர். மூன்றாம் வருடம் ஜாக்குக்கே திரும்பினார். "உன் குரல் அப்படியே வரணும் வல்லி. அவசரப்பட்டா எப்படி?" என்பார். அன்பில்லாமல் இல்லை. அந்த அன்பைச் சுமந்துதான் அவள் அலுத்துப்போயிருந்தாள்.

சொல்ல வேண்டியதை மணிக்கட்டுப் பலகையில் எழுதிக்காட்டினாள். இரண்டு சொல் எழுதினால் மீதி வாக்கியத்தைப் பலகையே முடித்துவிடும். அதனால் எழுத்தை யாரும் நம்புவதில்லை. மகள் இளவேனிலும் நம்பவில்லை. வேறொரு விண்மீனுக்கு அறுபது வருடப் பயணம் போகும் கப்பலில் அவள் பெயர் கொடுத்திருந்தாள். "வாயைத் திறந்து நீயே 'போகாதே'ன்னு சொல்லும்மா, இறங்கிடறேன். பலகை வேணாம். அதுல எது நீ, எது பலகைன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறுதளத்துக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கப்பலின் கதவு மூடும். அதற்கு முன் வீட்டாருடன் மூன்று நிமிடப் பேச்சு உண்டு.

வியாழன் மதியம் சிகாமணி மறுபடியும் ஜாக் பார்க்கக் கிளம்பியதும், பவளவல்லி பழுதான தரைதுடைப்பானைக் கவிழ்த்துப் பிரித்தாள். கண்டென்சரைப் பிடுங்கினாள். பீங்கான்தான். பழைய நீர்மோட்டாரிலிருந்து ஒரு ஜாக்; கொஞ்சம் லொடலொடத்தது. அலையாக்கியும் வடிப்பானும் அவர் இழுப்பறையில் பதினேழு விதமாகக் கிடந்தன; கைக்கு வந்ததை எடுத்தாள். ஈயத்தைக் காய்ச்சிப் பற்றவைத்தாள். இரண்டு விரல் சுட்டது. எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம். அந்த மூன்று வருடத்தை நினைத்து அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை. கண்ணில் பட்டால் அவர் பிரித்துவிடுவார் என்று அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்தாள்.

மறுநாள் திரையில் இளவேனில் வந்தாள். பவளவல்லி பெட்டியைக் கழுத்தில் செருகினாள்.

"போகாதேம்மா."

கரகரப்புதான். ஆனாலும் அவள் குரல்தான். சிகாமணி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அம்மா! பேசறியா! உன் குரலைக் கேட்டு எத்தனை வருஷமாச்சு!" இளவேனில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தலையைச் சாய்த்தாள், அப்பா சாய்ப்பதுபோலவே. "லேசா இரையுதே. என்ன கண்டென்சர் போட்டே?"

சிகாமணி குனிந்து பார்த்தார். "பீங்கான்! நான்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேனே."

"போகாதே," என்றாள் பவளவல்லி.

"அப்பா, 'கா' வர்ற இடத்துலதான் இரையுது, கவனிச்சீங்களா? கண்டென்சர் இல்ல, ஜாக்கா இருக்கும். இன்னொரு தடவை சொல்லும்மா."

"போகாதே!"

"ஜாக்தான்!" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

"தங்க முலாம் போட்டுடட்டுமா?" என்றார் சிகாமணி.

"எதுக்குப்பா தண்டமா? நிக்கலே போதும். ஏன்னா..."

மூன்று நிமிடம் முடிந்து திரை அணைந்தது. பதினொரு மணிக்குக் கதவு மூடியது.

சிகாமணி பாகங்களின் பட்டியலைத் திறந்தார். "நல்லவேளை, மூணு தடவை சொன்னே. இல்லேன்னா கோளாறு எங்கேன்னு பிடிபட்டிருக்காது."

அவருடைய பெட்டியும் இரைந்தது. ஒன்பது வருடமாக இரைந்துகொண்டுதான் இருந்தது. இத்தனை நாளும் அவர் சொல்வதை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த பவளவல்லி அந்த இரைச்சலை இன்றுதான் கவனித்தாள்.

அவள் கழுத்திலிருந்து பெட்டியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"அப்படியே வை, பார்க்கிறேன்," என்று ஸ்குரூ டிரைவரை எடுத்தார் சிகாமணி.