ரெண்டு கிலோ மரணம்

போன் அலறியது!

திரையில் அஜித்தும் ஜெயசுதாவும் கன்னத்தோடு கன்னம் ஒட்டிச் சிரித்தார்கள். போன ஞாயிறு கல்வராயன் மலை அருவியில் எடுத்த படம்.

சுபாஷுக்கு வயிறு எரிந்தது.

ஜெயசுதா அவனுடைய சொந்த அத்தை மகள்! அவனுக்கென்றே பிறந்தவள் என்று ஊரே சொன்னவள்! அடுத்த மாதம் அவனோடு படித்த அஜித்துக்குக் கழுத்தை நீட்டப் போகிறாள்...

எடுத்தான். அஜித் பேசினான். "மச்சான், ஸ்கூபா மாஸ்டர் ஓகே சொல்ட்டாரு! காத்து கம்மியாம், தண்ணி தெளிவாம். காலைல புதுச்சேரி! போட்ல போயி, கடலுக்கடியில பாறையப் பாக்கறோம்!"

"உன் டைவிங் ஜாக்கெட்டு என் மண்டியிலதான் கெடக்குது. நானே எடுத்தாறேன்."

"நீ இருக்கறப்ப எனக்கு இன்னா மச்சான் கவலை!"

நாளைக்குக் கவலையே இருக்காதுடா... நீயே இருக்க மாட்டாய்!

தியாகதுருகத்தில் சுபாஷுக்கு மக்காச்சோள மண்டி. மூலையில் கிடந்த பழைய எடைக்கற்களில் இரண்டை எடுத்தான். ஒவ்வொன்றும் ஒரு கிலோ!

முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்கடியில் போகிற ஸ்கூபா ஆசாமிகள் தண்ணீரில் அமிழ்வதற்கு ஜாக்கெட் பையில் ஈயக்கட்டி வைப்பார்கள். ஆபத்து என்றால் உருவி எறிந்துவிட்டு மேலே வரலாம்.

சுபாஷ் அஜித்தின் ஜாக்கெட் பைக்குள் கற்களையும் திணித்தான். உருவவே முடியாதபடி கோணி ஊசியால் தைத்தான்.

நேற்றே கிணற்றில் வழக்கமான ஈயத்தோடு இந்த இரண்டு கிலோவையும் தன் மேல் கட்டிச் சோதித்தாயிற்று. படிக்கட்டைப் பிடித்துத்தான் உயிரோடு வந்தான்!

அந்தக் கிணற்றில்தான் மூவருக்கும் பயிற்சி. கள்ளக்குறிச்சிப் பக்கம் கடலுக்கு எங்கே போவது? மாஸ்டர் தெய்வசிகாமணி, பழைய கப்பற்படைக்காரர். கடைசி வகுப்பில் கடலுக்கு எப்படித் தயாராக வேண்டும் என்று விலாவாரியாகச் சொன்னார்.

சுபாஷ் காதில் ஒரு வார்த்தைகூட ஏறவில்லை. ஜெயசுதாவின் தோளில் அஜித்தின் கை கிடந்ததே!

மறுநாள் காலை. நடுக்கடலில் போட் நின்றது.

"கிணத்துல போட்ட அதே எடையோட எறங்குங்க. மீதி ஈயத்தப் பொறவு தரேன்," என்றார் மாஸ்டர்.

அஜித் குதித்தான். தலை மறைந்தது!

ஜெயசுதா குதித்தாள். மிதந்தாள்.

சுபாஷும் குதித்தான். காலை உதைத்தான்... மூச்சை விட்டான்... ஊஹூம்! உள்ளே போகவே முடியவில்லை.

அஜித் மறைந்த இடத்தில் குமிழ்கள் நின்றுவிட்டன.

"அஜித்த்த்!" ஜெயசுதா வீறிட்டாள்.

ஒழிந்தான்! இனி இவள் எனக்குத்தான்! சுபாஷ் உள்ளுக்குள் துள்ளினான்.

சளக்!

பத்தடி தள்ளி ஒரு தலை. அஜித்!

"சூப்பர் மாஸ்டர்! நங்கூரக் கயித்தப் புடிச்சிக்கினு சர்ருன்னு எறங்கி, சர்ருன்னு ஏறிட்டேன்!"

மாஸ்டர் முகம் மாறியது.

"எப்பிடிப்பா? உப்புத் தண்ணி ஆளத் தூக்கும். கிணத்து எடைக்கு மேல ரெண்டு கிலோ போட்டாதான் எறங்க முடியும்னு கிளாஸ்ல சொன்னனே! அந்த ஈயம் இன்னும் என் கையில இருக்குது. நீ இன்னாத்தப் போட்டுக்கினு எறங்கின?"

"நான் ஒண்ணும் போடலியே!"

மூவரையும் போட்டில் ஏற்றினார். அஜித்தின் ஜாக்கெட்டைத் தடவினார். கத்தியால் தையலைக் கிழித்தார்.

ஒரு கிலோ எடைக்கற்கள் இரண்டு உருண்டன. நீலப் பெயிண்டில் 'சுபாஷ் மண்டி'!

ஜெயசுதா நிமிர்ந்தாள்.

"மாமா... இவரக் கொல்லவா பாத்தீங்க?"

"ஆமாண்டி! எனக்குன்னு பொறந்தவ நீ! அவன் கை உன் தோள்ல கெடக்கறதப் பாத்துப் பாத்து வெந்து செத்தேன்!"

மாஸ்டர் போலீசுக்குப் போன் போட்டார்.

ஜெயசுதா கற்களைப் பத்திரமாக எடுத்து வைத்தாள். பிறகு சொன்னாள்.

"அன்னிக்கி கிளாஸ்ல என் தோளப் பாக்கறத வுட்டுட்டு மாஸ்டர் சொன்னதக் கேட்டிருந்தா, கொலையாவது உருப்படியா பண்ணியிருப்பீங்க மாமா!"