ஒரே ஃபேஸில் ஒரு தவளை

"அதைத் தொடாதீங்க... செத்துடுவீங்க."

குமணன்சாவடி சிக்னலுக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவில், மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், அவள் அவனிடம் பேசிய முதல் வாக்கியம் இதுதான். காதல் கதைகளுக்கு இதைவிட இதமான ஆரம்பங்கள் உண்டு. ஸ்வீட்லினுக்கு வாய்த்தது இது.

கரண்ட் போயிருந்தது. கரண்ட் போனால் அந்தத் தெருவில் எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். எதிர்வீட்டிலும் இல்லையென்றால் ஒரு நிம்மதி. இருந்தால் ஒரு வயிற்றெரிச்சல். தெருவுக்கு வரும் மூன்று ஃபேஸ் மின்கம்பிகளில் ஒன்று போனால் அந்த ஃபேஸில் இருக்கும் வீடுகள் மட்டும் இருளும், மற்ற வீடுகளில் சீரியல் ஓடும். அந்த வேற்றுமையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதுதான் அங்கே அக்கம்பக்க உறவு.

காற்றில் திறந்துகொண்ட தெருவோர ஈ.பி. மின்பெட்டியின் கதவைக் குடைநுனியால் தள்ளி மூடப் பார்த்துக்கொண்டிருந்தான் அவன்.

"உள்ள தண்ணி போகுதுங்க... மூடலாம்னுதான்."

"குடைக்கம்பி இரும்பு."

அவன் குடையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். இமைகளில் மழைத்துளி தங்கிய, பயத்தில் அகன்றுபோன கண்கள்... இத்தனை அழகான கண்களை இவ்வளவு பீதியோடு யாரும் பயன்படுத்தி அவன் பார்த்ததில்லை.

"நீங்க பயந்ததுல எனக்கும் கை நடுங்குது."

"நடுங்கட்டும். உயிரோட இருப்பீங்க."

அவன் சிரித்தான். அவளும் சிரித்திருப்பாள். அதற்குள் அவள் அப்பா வந்துவிட்டார்.

பால்ராஜ், பாடியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது தெருவின் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர். தலைவரான நாளிலிருந்து வெளியில் மேடைத் தமிழில்தான் பேசினார். கோபம் வந்தால் மட்டும் அது கழன்று, உள்ளே இருந்த பாடிப் பேச்சு எட்டிப் பார்க்கும்.

"பொதுச் சொத்தில் கை வைப்பது குற்றம். தாங்கள் யார்?"

"அமல்ராஜ்ங்க. திண்டுக்கல். எதிர் மாடியில குடி வந்திருக்கேன். அம்பத்தூர் எஸ்டேட்ல சாஃப்ட்வேர் கம்பெனி."

"குடும்பம்?"

"தனியாத்தான்..."

"பேச்சலரு. அப்பவே நெனச்சேன். இன்னாத்துக்கு பொட்டியாண்ட நின்னுகினு பொண்ணுங்களாண்ட பேசிக்கினு கீற?"

தெருவே கேட்டது. முதலில் பேசியது நான்தான் என்று ஸ்வீட்லின் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயப்படுவதில் அவளுக்கு மாவட்ட அளவில் பரிசு கிடைக்கும். அவன் குடையை மடக்கிக்கொண்டு மாடியேறினான். அதன் பிறகு எதிரில் வந்தாலும் அவள் பக்கம் திரும்புவதே இல்லை.

அவள் பகல் முழுவதும் ஹாலில் இருந்த கம்ப்யூட்டரில், ஒரு கம்பெனிக்காகக் குரல் பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வாள். வீட்டை விட்டு வெளியே போகாமல் அவள் சம்பாதிக்க அப்பா அனுமதித்திருந்த ஒரே வழி. ராத்திரியில் அந்தக் கம்ப்யூட்டர் அப்பாவின் நோட்டீஸ்களுக்கு. வேலை முடிந்ததும் கொஞ்ச நேரம் இணையத்தில் சொல்வேட்டை ஆட்டம். கட்டம் நிறைய எழுத்துகள்; நேராக, குறுக்காக, மூலைவாட்டில் ஒளிந்திருக்கும் சொற்களை மவுஸால் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒரே கட்டத்தில் இருவர் மோதுவார்கள். இவள் பெயர் 'குண்டூசி'. இவளோடு தினமும் ஆட வருகிறவன் பெயர் 'தவளை'.

தவளை கெட்டிக்காரன். ஆனால் கடைசிச் சொல்லை மட்டும் தொடமாட்டான். அவள் தேடிக் கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பான். ஆட்டத்துக்குக் கீழே பேசுவதற்கு ஒரு சின்னப் பெட்டி.

"கண்ணு முன்னாலதான் இருக்கு. பொறுமையா பாருங்க..."

"நீங்களே எடுத்துக்கலாமே."

"எடுத்தா ஆட்டம் முடிஞ்சிரும்ல."

அந்த வரியை அவள் எத்தனை முறை படித்தாள் என்பதைச் சொன்னால் அவளுக்கு வெட்கமாக இருக்கும். விட்டுவிடுவோம்.

எந்த ஊர் என்று அவன் கேட்டபோது பயந்து "கோயம்புத்தூர்" என்றாள். அவன் "பெங்களூரு" என்றான். நல்லது... தூரம் பாதுகாப்பானது.

அந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு. ஒருவர் பாதியில் காணாமல் போனால் மற்றவருக்கு வெற்றி. இருவரும் ஒரே நேரத்தில் காணாமல் போனால் ஆட்டம் சமன். யூ.பி.எஸ். பேட்டரியை மாற்றுவது பற்றி அப்பா சங்கக் கூட்டம் போல முடிவே எடுக்காமல் யோசித்துக்கொண்டே இருந்ததால், கரண்ட் போனால் அவளுடைய கம்ப்யூட்டரும் மோடமும் உடனே உயிரை விட்டுவிடும். ஒரு நாள் கரண்ட் வந்ததும் திறந்து பார்த்தாள். தோற்றிருக்க வேண்டும்... 'சமன்' என்றிருந்தது.

தற்செயல் என்று நினைத்தாள். அடுத்த முறையும் சமன். அதற்கடுத்த முறையும்.

மவுஸிலிருந்து கையை எடுத்தாள். பெங்களூரும் கோயம்புத்தூரும் ஒரே நொடியில் இருளுமா...? அவன் இங்கேதான் இருக்கிறான். இந்தத் தெருவில். இதே ஃபேஸில்.

ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். யார்... எந்த ஜன்னலிலிருந்து? வாசல் பெருக்கும்போது பார்த்திருப்பானா? நைட்டியில் துணி காயப்போடும்போது? அப்பாவுக்குத் தெரிந்தால் கம்ப்யூட்டர் போகும், வேலை போகும், அவளுக்கென்று இருந்த அந்தக் கொஞ்ச உலகமும் போகும்.

மறுபடி கரண்ட் போனபோது குடையோடு வாசலுக்கு ஓடினாள். இருண்டிருந்தவை மூன்றே வீடுகள். அவள் வீடு. எதிர் மாடி அமல்ராஜ். பக்கத்து வீட்டு கோகுல்நாத் அங்கிள்.

அமல்ராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவன். அவனா இவ்வளவு மென்மையாகப் பேசுவான்...? அப்படியென்றால் மிச்சம் கோகுல்நாத். சங்கப் பொருளாளர். அப்பாவின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டுவதற்கென்றே கழுத்து படைக்கப்பட்டவர். பேரன் எடுத்தவர்.

'எடுத்தா ஆட்டம் முடிஞ்சிரும்ல...' கோகுல்நாத்தின் குரலில் அதை மனதுக்குள் கேட்டுப் பார்த்தாள். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

சில நாள் விளையாட்டுப் பக்கமே போகவில்லை. பயம் குறையவில்லை, கூடவே ஓர் ஏக்கமும் வந்து உட்கார்ந்துகொண்டது. கடைசியில் தாங்காமல் திறந்த அன்று, அப்பா வந்து நின்றார்.

"எந்திரி. அவசர சுற்றறிக்கை அடிக்கணும்."

அவள் ஆட்டத்தை மூடுவதற்குள் நாற்காலியைப் பிடித்துவிட்டார். ஒற்றை விரலால் அடிக்க ஆரம்பித்தார். 'திருமணமாகாத வாடகைதாரர்கள் இம்மாத இறுதிக்குள்...'

அமல்ராஜைத்தான் துரத்துகிறார். அவள் காரணமாகத்தான்.

அப்போது திரை மூலையில் ஒன்று மினுக்கியது. 'தவளை உங்களை ஆட்டத்துக்கு அழைக்கிறார்.'

"யாருடி இது?"

"விளையாட்டுப்பா... சொல்லு கண்டுபிடிக்கறது."

"சொல்லா? என்னிடமா?" சுற்றறிக்கை ஓரம் போனது. தலைவர் மவுஸைப் பிடித்தார்.

தவளை மளமளவென்று பிடித்துக்கொண்டே போனான். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒரே ஒரு சொல் மீதமிருக்கும்போது தவளை நின்றான். மிகுந்த சிரமத்துக்குப் பிறகு அப்பா அதைப் பிடித்தார்.

"பாத்தியா? பயந்துட்டான். அங்கேதான் அனுபவம் நிக்குது."

கீழே பெட்டியில் எழுத்துகள் வந்தன.

"குண்டூசி, வந்துட்டீங்களா... நீங்க இல்லாம கரண்ட் இருந்தும் வீடு இருட்டா இருந்துச்சு. ஒண்ணு சொல்லணும். எனக்குப் பயமா இருக்கு."

அப்பா சத்தமாகப் படித்தார். படிக்கப் படிக்க மேடை சரிந்து பாடி மேலே வந்தது.

"இன்னாது இது? யார்டி குண்டூசி? எவன்டி தவள?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். அவளுக்கு மிகவும் பழக்கமான சொல் அது. ஈ.பி. பெட்டி அருகே மடங்கிய அந்தக் குடை நினைவுக்கு வந்தது.

"குண்டூசி நான்தான்ப்பா. எந்திரிங்க... நான் பதில் சொல்லணும்."

அவள் இப்படிப் பேசி அவர் கேட்டதே இல்லை. எழுந்துவிட்டார். எழுந்த பிறகுதான் ஏன் எழுந்தோம் என்று யோசித்தார்.

அவள் அடித்தாள்: "நீங்க இந்தத் தெருதான். எனக்குத் தெரியும். நீங்க யாரா இருந்தாலும் வெளிய வாங்க. இப்பவே... கரண்ட் இருக்கும்போதே."

கரண்ட் இருக்கும்போது, கொட்டும் மழையில், அந்தத் தெருவில் யாரும் வாசலுக்கு வரமாட்டார்கள். வந்தால் அவன்தான்.

குடை எடுக்க மறந்து கேட்டருகே நின்றாள். பின்னாலேயே அப்பா.

முதலில் திறந்தது கோகுல்நாத் வீட்டுக் கதவு.

ஸ்வீட்லின் கேட் கம்பியைப் பற்றிக்கொண்டாள். கர்த்தரே... கோகுல்நாத் வெளியே வந்தார், வானத்தைப் பார்த்தார், செருப்புகளை எடுத்து உள்ளே வைத்தார், "நல்ல மழை தலைவரே" என்றார், கதவைச் சாத்திக்கொண்டார்.

எதிர் மாடிப்படியில் யாரோ தடதடவென்று இறங்கினார்கள். அமல்ராஜ் தெருவுக்கு வந்தான், நனைந்தான், அவளைப் பார்த்தான், அவளுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து முகம் வெளுத்தான்.

"நீங்கதானா குண்டூசி?"

"வேற யார்னு நெனச்சீங்க?"

"மூணு வீட்லதான் கரண்ட் போச்சு. ராத்திரி நான் பாக்கறப்பல்லாம் கம்ப்யூட்டர் முன்னால சார்தான் நோட்டீஸ் அடிச்சுக்கிட்டு இருப்பாரு. ஜன்னல் வழியா தெரியும்..." அவன் பார்வை பால்ராஜ் பக்கம் போனது. "சார்கிட்டதான் மனசைப் பறிகொடுத்துட்டேனோன்னு பயந்துட்டேங்க."

பால்ராஜுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக எந்தத் தமிழும் வரவில்லை. பிறகு ஒன்று வந்தது.

"அமல்ராஜ்னா... ஆர்.சி. சர்ச்சா? நாங்க சி.எஸ்.ஐ. சர்ச்."

"ஆமாங்க சார்."

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அன்னிக்கு நான்தான் முதல்ல பேசினேன்னு சொல்லாம விட்டுட்டேன். கோபமா?"

"கோபம்தான். உங்க மேல கோவிச்சுக்கிட்டு வந்து, குண்டூசிகிட்ட ஆறுதல் தேடினேன்." மழை அவன் நெற்றியில் வழிந்தது. "பயந்துக்கிட்டேதான் சொல்றேன்... உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. உங்க அப்பா நிக்கறாரு, தெரு பாக்குது, ஆனாலும் பிடிச்சிருக்கு."

அவள் கைகள் இன்னும் கம்பியில் நடுங்கிக்கொண்டிருந்தன.

"எனக்கும்," என்றாள். "ரெண்டுமே."