பத்துக்கு மேல் எண்ணியவன்

கார்காலத்தின் கடைசிப் பௌர்ணமி. பெருக்கெடுத்தோடிய வெண்ணாற்றின் செந்நிற வெள்ளத்தில் அந்தியின் பொன்னும் எழுமதியின் வெள்ளியும் கலந்து புரள, பூங்கானூர்க் கோட்டையின் நீர்வாயிலை ஒட்டிய புத்த விகாரத்தில் மூன்று மாத மௌன நோன்பு முடிவுக்கு வந்துகொண்டிருந்தது.

வாசகர்களே, அந்த மௌனம் முடியும் முறை விந்தையானது. நோன்பிருந்த ஒவ்வொருவரும் மற்றவர் முன் மண்டியிட்டு, "என்னிடம் கண்ட குற்றம், கேட்ட குற்றம், ஐயுற்ற குற்றம் எதுவானாலும் சொல்லுங்கள்" என்று வேண்ட வேண்டும். துறவியர் வேண்டி முடித்தார்கள். அடுத்து, துறவு பூணாதவர்களின் முறை. நீர்வாயில் காவல்தலைவன் இளவேட்டனின் முன் வந்து மண்டியிட்டான், வடதிசைத் தேசாந்திரி சங்கபாலன்.

இளவேட்டனின் மார்பில் பழகிய அந்தச் சூடு பரவியது. அவன் நோன்புக்கு வந்ததே கோட்டைத் தலைவரின் மகள் காரிநங்கைக்காக. "மூன்று மாதம் வாய்மூடி உங்கள் மனத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்; பிறகு மணம் பற்றிப் பேசலாம்" என்றிருந்தாள். ஆனால் நாள்தோறும் கஞ்சி வார்க்க வந்தவள், சங்கபாலனின் இருக்கை முன் மட்டும் ஒரு நீலமலரை வைத்துப் போனாள். அவனைப்போல் அசையாமல் அமர யாரால் முடிந்தது? அவனைப்போல் மெல்ல நடக்கத்தான் யாரால் முடிந்தது?

நடப்பதும் தியானமே. பாதத்தைத் தூக்கும்போது தூக்குவதை அறிய வேண்டும். வைக்கும்போது மண்ணின் குளிர்ச்சியை அறிய வேண்டும். மனத்தில் ஏதேனும் எழுந்தால் அதன் பெயரைச் சொல்லி விட்டுவிட வேண்டும். சங்கபாலனின் நடையில் ஏதோ உறுத்தியபோதெல்லாம், 'பொறாமை, பொறாமை' என்று சொல்லி விட்டுவிட்டான் இளவேட்டன்.

இன்று அந்தச் சூட்டை விலக்காமல் கூர்ந்து பார்த்தான். அது மெல்ல அடங்கியது. கண்ட காட்சியோ அடங்காமல் அப்படியே நின்றது.

"கண்டது ஒன்று உண்டு," என்றான். "நாங்களெல்லாம் மரத்தடியில் இருபதடி நடந்து திரும்பினோம். நீர் மட்டும் நீர்வாயிலிலிருந்து படைக்கலச் சாலைவரை மதிலோரமாகவே நடந்தீர். உமது கட்டைவிரல் விரற்கணுக்களை எண்ணிக்கொண்டே வந்தது."

"மூச்சை எண்ணினேன், ஐயா."

நோன்பு முடிவதைக் காண வந்து நின்றிருந்த காரிநங்கை சிரித்துவிட்டாள். "வாய் திறந்ததும் முதல் பேச்சே பொறாமைப் பேச்சா? நல்ல நோன்பு நோற்றீர்கள், காவல்தலைவரே!"

"பொறாமைதான் நங்கையே, மறுக்கவில்லை. ஆனால் மூச்சை எண்ணுபவர் பத்தானதும் ஒன்றுக்குத் திரும்புவார். இவர் பன்னிரண்டு கணுவும் முடிந்ததும் இடுப்புக் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டார். மூச்சுக்கு முடிச்சு எதற்கு? மதிலடியில் சுரங்கம் தோண்டுபவனுக்கல்லவா அடிக்கணக்கு வேண்டும்!"

அவள் சிரிப்பு நின்றது. சங்கபாலன் எழுந்தான், மூன்றே தாவலில் படித்துறையைக் கடந்து வெள்ளத்தில் பாய்ந்தான். மதில் காவலர் எய்த அம்புகள் நீரைத்தான் தைத்தன. நாணற்புதர் மறைவிலிருந்து வந்த பரிசல் ஒன்று அவனை அள்ளிக்கொண்டது.

"இளவேட்டரே!" என்று ஆற்றின் நடுவிலிருந்து குரல் வந்தது. "புத்தபிரானைவிட என்னையே அதிகம் தியானித்தீர், மிக்க நன்றி!"

"எப்போது கண்டீர்கள்?" என்று கேட்டாள் நங்கை.

"முதல் மாதமே. என் பொறாமையின் கோளாறு என்று எண்ணிவிட்டேன்."

"நானோ அவனுக்குப் பூ வைத்தேன்!"

இளவேட்டன் படியிலிறங்கி, ஆற்று நீரைக் கையில் அள்ளினான். "அமாவாசைக்குள் படைக்கலச் சாலை இடம் மாறும். அவன் கொண்டுபோன அடிக்கணக்கை நம்பித் தோண்டி வந்து பகைவர் தலைநீட்டும் இடத்தில் நான் வாளோடு நிற்பேன். அதுவரை தங்களிடம் மணப்பேச்சு எடுக்கமாட்டேன். இந்த நீரின் மேல் ஆணை!"

காரிநங்கை குனிந்து, தானும் ஒரு கை நீர் அள்ளினாள்.

"இருவராய் நிற்போம்," என்றாள்.