புகை வாசனைப் பால்

கடையில் வாங்கிய பாலில் புகை வாசனை வந்தது.

கொழுப்பு நீக்கிய பால்; நைரோபியில் எந்தக் கடையிலும் கிடைக்கிற அட்டைப்பெட்டிப் பால். நின்சீமா டம்ளரை மூக்கருகே பிடித்தபடி சமையலறையில் நின்றாள். காய்ந்த புல்லைக் கொளுத்தி, அந்தப் புகையை மரக்குடுவைக்குள் அடைத்து, மேலே கறந்த பாலை ஊற்றி மூடி வைத்தால் வருகிற வாசனை. சொந்த ஊரான அங்கோலேயில் அவள் அத்தை கெமிரெம்பே அப்படித்தான் வைப்பாள்.

கூடத் தங்கியிருக்கும் நெக்கேசா வாங்கி முகர்ந்து பார்த்தாள். "ஒண்ணும் இல்லையேடி. பசியில உனக்கு மூக்கு கழண்டுபோச்சு. நேத்து என் சோப்பைக்கூட மோந்துகிட்டு நின்ன."

வயிற்றைச் சுருக்கும் அறுவை சிகிச்சைக்கு முன்னால் இரண்டு வாரம் பால் மட்டும். எடை நூற்று முப்பது கிலோவுக்குக் கீழே இறங்காவிட்டால் மேசையில் ஏற்ற மாட்டேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏற்கெனவே ஒரு தேதி அப்படித்தான் பறிபோனது. இருபத்தேழு வயதில் நின்சீமாவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றுவிடுகிறது. நெக்கேசா உலுக்கி எழுப்புகிறாள். எழுப்ப ஆளில்லாமல்தான் நின்சீமாவின் அம்மா தூக்கத்திலேயே செத்துப்போனாள்.

பாலோடு அறைக்குள் கிடப்பது அவளுக்குப் புதிதல்ல. ஐந்து வருடத்துக்கு முன்னால் கல்யாணம் நிச்சயமானதும் அத்தை அவளை உள்ளே வைத்துப் பூட்டினாள். ஊரே விட்டுவிட்ட வழக்கத்தை அத்தை மட்டும் விடவில்லை: கல்யாணப் பெண் நடந்தால் தரை அதிர வேண்டும். குடுவை குடுவையாகப் பால். பாதியில் நிறுத்தினால் உள்தொடையில் நகம் பதியக் கிள்ளு. ஒருநாள் நின்சீமா கதவை உடைத்துக்கொண்டு வந்து பஸ் ஏறினாள். போன வருடம் அத்தை செத்த செய்தி வந்தபோதும் போகவில்லை.

ஐந்தாம் நாள் பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவியது. ஆனால் எடை ஏறியிருந்தது. நூற்று முப்பத்தெட்டில் தொடங்கியவள், நூற்று ஐம்பது.

"மெஷின் செத்திருச்சு," என்று நெக்கேசா தானும் ஏறி நின்றாள். ஐம்பத்தெட்டு. அவள் எடையைச் சரியாகத்தான் காட்டியது. "ஏய், உண்மையச் சொல்லு. என் சப்பாத்தியத் திருடித் திங்கிறியா?"

"எண்ணிப் பாத்துக்கடி உன் சப்பாத்திய!"

பத்தாம் நாள் பாவாடைக்கு ஊக்கு குத்த வேண்டியிருந்தது. எடை நூற்று எழுபது. நெக்கேசா அதற்குப் பிறகு கேலி பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நெக்கேசா தேவாலயத்துக்குப் போயிருந்தாள். மறுநாள் ஆஸ்பத்திரி. மழை பெய்து ஓய்ந்து, படிக்கட்டெல்லாம் மண்ணெண்ணெயும் பொரித்த மீனும் மணக்க, கீழ்வீட்டு வானொலி சுவருக்குள் முனகிக்கொண்டிருக்க, நின்சீமா கட்டிலில் பையைத் திறந்து வைத்து ஒவ்வொன்றாக அடுக்கினாள்: குனியாமல் மாட்டிக்கொள்ளும் செருப்பு, இருமும்போது வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சின்னத் தலையணை, தளர்ந்த கவுன் இரண்டு, காலை இறுக்கும் நீளக் காலுறை, குழந்தைக் கரண்டி, மருந்து அளக்கிற குட்டிக் கப்புகள். இனி ஒரு வேளை உணவு அந்தக் கப்பில் அடங்கிவிடும். அதை விரலில் மாட்டிப் பார்த்து அவள் சிரித்தாள்.

டம்ளரை எடுத்து வாயருகே கொண்டுபோனாள். இன்னும் உதடு படவில்லை.

மடக்.

விழுங்கும் சத்தம். அவள் தொண்டையிலிருந்து அல்ல. பின்கழுத்துக்குப் பக்கத்தில்.

திரும்பினாள். சுவர். சுவரில் அவள் நிழல். நிழலுக்குத் தோள்கள் அகலம். மிக அகலம்.

புகை வாசனை இப்போது அறை முழுக்க. எரிந்த புல், பசுவின் வியர்வை, புளித்த பால். தோளில் ஏதோ அமர்ந்தது. ஈரம். கனம். காதுக்குள் ஒரு மூச்சு.

"குடி, மருமகளே."

"மாட்டேன்."

சமையலறைக்கு நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் தரை அதிர்ந்தது. பாலைத் தொட்டித் துளையில் கவிழ்த்தாள். துளை குடித்தது. மடக். மடக். மடக். கடைசிச் சொட்டுவரை.

உள்தொடையில் சுரீர் என்றது.

பாவாடையைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு நகப் பிறை. ரத்தம் கட்டியிருந்தது.

"கிள்ளு அத்தே," என்றாள். "நல்லாக் கிள்ளு. அன்னிக்கும் போனேன். நாளைக்கும் போவேன்."

திரும்பிப் போய்ப் பையின் ஜிப்பை இழுத்தாள்.

காலையில் ஆஸ்பத்திரி எடை மேடையில் ஏறினாள். நெக்கேசா பையோடு தள்ளி நின்றாள். நர்ஸ் எண்ணைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தாள்.

"நூத்தி எண்பத்தெட்டு. என்னம்மா இது? பாத்தா அப்படித் தெரியலையே. டாக்டர் ஒத்துக்க மாட்டாரு. எறங்குங்க, மறுபடி பாப்போம்."

இறங்கினாள்.

எண் ஓடி இறங்கி, அறுபத்தொன்றில் நின்றது.

மேடையில் யாரும் இல்லை. நர்ஸ் காலால் தட்டினாள். பிளக்கைப் பிடுங்கிச் சொருகினாள். அறுபத்தொன்று.

"இயேசுவே," என்றாள் நெக்கேசா.

நின்சீமா கைகளை முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டாள்.

"சிஸ்டர். நூத்தி எண்பத்தெட்டுல அறுபத்தொண்ணைக் கழிங்க."

"நூத்தி... இருபத்தேழு."

"அதான் நான். அதை எழுதுங்க."

நர்ஸின் கண் மேடையைவிட்டு அகலவில்லை. கை தானாக எழுதியது. நூற்று இருபத்தேழு.

கறுப்பு ரப்பர்மேல் ஈரம் கசிந்தது. வெள்ளையாக. முதலில் இரண்டு குதிகால். பிறகு பத்து விரல். விரல்கள் மெல்ல அவள் பக்கம் திரும்பின.

நின்சீமா நகரவில்லை.

எண் பூஜ்யமானது.

தரையில், அவள் செருப்புக்கு ஒரு சாண் முன்னால், பாலில் ஒரு பாதம் பதிந்தது.