பட்டை இல்லாத பெட்டி

பெட்டிக்குள் மார்புப் பட்டை இல்லை. ஆனால் சைக்கிள் கம்ப்யூட்டரின் திரையில் யாருடைய இதயமோ துடித்துக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டு.

மச்சானின் லட்சணம் இதுதான் என்று அவர் நினைத்துக்கொண்டார். இரவல் கொடுப்பதைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியாதவன். கம்ப்யூட்டரை வைத்திருந்தான், இருக்கைக்கு அடியில் மாட்டும் ரேடாரை வைத்திருந்தான், சார்ஜர் ஒயரைச் சமர்த்தாகச் சுருட்டி வைத்திருந்தான். துடிப்பை அளக்கிற பட்டையை மட்டும் மறந்துவிட்டான். மனைவியின் தம்பி என்பதற்காக ஒரு மனிதர் எவ்வளவுதான் பொறுத்துப்போவது?

அடுத்த மாதம் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ட்ரையத்லான். இருவரும் பெயர் கொடுத்திருந்தார்கள். மச்சானை முந்தவில்லையென்றால் குடும்பத்தில் தலைகாட்ட முடியாது என்கிற அளவுக்கு அவர் பேசிவைத்திருந்தார். அதற்கு முன் எந்தக் கருவியை வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டும். கடையில் எடுத்து வந்த மலிவான கைக்கடிகாரம் இடது மணிக்கட்டில் இருந்தது; பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். மச்சானுடையது விலையில் அதைப்போல மூன்று மடங்கு. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்ப்பது, பொய் சொல்வதைக் கழித்துக்கட்டுவது என்பது அவர் திட்டம். லிஃப்ட் பாதுகாப்பு ஆய்வாளரான அவர் வேலையிலும் அப்படித்தான், ஒரே கம்பி வடத்தில் இரண்டு அளவிகளை மாட்டி எது புளுகுகிறது என்று பார்ப்பார்.

இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு. கைக்கடிகாரம் தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சி, ரத்தம் பொங்கித் தணிவதைப் பார்த்து, துடிப்பு இவ்வளவு இருக்கலாம் என்று ஊகிக்கும். மார்புப் பட்டை ஊகிக்காது. அதன் உள்பக்கம் ரப்பரில் இரண்டு சதுரங்கள் உண்டு. தண்ணீரால் நனைத்துக் கட்டிக்கொண்டால், இதயம் சுருங்கும்போதெல்லாம் எழுகிற மின்சாரத்தை நேரடியாகப் பிடித்துத் திரைக்கு அனுப்பிவிடும். ஆணியில் தொங்கும்போது அது செத்த ரப்பர். ஈரமும் வேண்டும், உயிருள்ள உடம்பும் வேண்டும். அனுப்புகிற சிக்னல் ஓர் அறையைத் தாண்டினாலே அதிகம். இதை அவர் மனைவிக்கு இருமுறை விளக்கியிருந்தார். “சரி, அந்த சைக்கிள் ஸ்டாண்ட்ல துணியாவது காயப்போடலாம்” என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போய்விட்டாள்.

அப்படியானால் இந்த முப்பத்தெட்டு யாருடையது? மாடி வீட்டு வங்கி மேனேஜரா? செருப்பு மாட்டக் குனிந்தாலே அவருக்கு நூற்றிருபதைத் தாண்டும். ஆக, மச்சானின் விலையுயர்ந்த கருவி பொய் சொல்கிறது. அந்த முடிவு அவருக்கு இனிப்பாக இருந்தது.

மழை மதியத்தையே சாம்பல் நிறமாக்கியிருந்தது. பின்னறையில், பின்சக்கரம் உருளையின்மேல் நிற்க, சுவரைப் பார்த்தபடி சைக்கிள் பொருத்தப்பட்டிருந்தது. கதவும் அதற்கு அப்பால் குறுகிய நடையும் அவர் முதுகுக்குப் பின்னால். ஷூவின் அடிக்கொக்கியைப் பெடலில் மாட்டி மிதிக்கத் தொடங்கினார். உருளையின் இரைச்சலும், ஜன்னலில் அடிக்கும் மழையும், சூடேறிய டயரின் நெடியும் ஒன்றுகலந்து அறையை நிரப்பின.

திரையின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு. அது ரேடாருடையது; சோதிக்கிறதுதான் சோதிக்கிறோம் என்று அதையும் இருக்கைக்கு அடியில் மாட்டியிருந்தார். நிற்கிற எதையும் அது கண்டுகொள்ளாது. சுவர், மரம், நிறுத்திவைத்த லாரி எல்லாம் அதைப் பொறுத்தவரை இல்லாத பொருள்கள். பின்னாலிருந்து நெருங்கி வருவது மட்டுமே கோட்டில் புள்ளியாகி மேலே ஏறும். சாலையில் சரி. மச்சான் இதை வீட்டு அறைக்குள்ளும் மாட்டிக்கொண்டு மிதிப்பானாம்! இரண்டு வருடமாக அவனுக்கு அதே பித்து. சோறு தண்ணீர் இல்லாமல் மிதித்துக் கன்னம் ஒட்டிப்போய், மகளின் பிறந்தநாளுக்குக்கூட சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ‘செக்குமாடு’ என்று அவனுக்குப் பெயர் வைத்தது அவர்தான்.

தண்ணீர் குடிக்க மிதிப்பதை நிறுத்தினார். கோடு சிவந்து, அதன் அடியில் ஒரு புள்ளி முளைத்தது. நூறு மீட்டர்.

வீட்டின் மொத்த நீளமே அதில் கால்வாசி இருக்காது. விசிறியின் அசைவாக இருக்கும் என்று சிரித்தபடி எட்டி அதை அணைத்தார். புள்ளி ஏறியது. திரும்பிப் பார்த்தார். கதவு, காலி நடை, கொடியில் துண்டு. மிதித்தார். கோடு பச்சையானது. நிறுத்தினார். புள்ளி, இப்போது அறுபதில். இதயத் துடிப்பு ஐம்பத்திரண்டு.

மறுபடி மிதித்தார். பச்சை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பச்சை என்றால் போய்விட்டது என்று அர்த்தமில்லை. நின்றுவிட்டது என்று அர்த்தம்.

மிதித்துக்கொண்டே போனில் மச்சானை அழைத்தார்.

“என்ன செக்குமாடு, பட்டையை எங்கடா வச்ச?”

“தூங்கிட்டிருந்தேன் அத்தான்.”

“பட்டப்பகல்லயா?”

“நேத்து நீங்க பெட்டியை எடுத்துட்டுப் போனதுலேர்ந்து தூங்கறேன்.” கொட்டாவி விடும் சத்தம். சட்டென்று அது பாதியில் நின்றது. “துடிப்பு காட்டுதா?”

“காட்டுது, காட்டுது. முப்பத்தெட்டு, ஐம்பத்திரண்டுன்னு கண்டபடி உளறுது உன் ஓட்டை டப்பா.”

“மிதிக்கறதை நிறுத்துனீங்களா?”

“தண்ணி குடிக்க நிறுத்தினேன். அதுக்கென்ன இப்போ?”

“நிறுத்தாதீங்க அத்தான்.”

“விளையாடாதடா. பட்டை யார்கிட்ட இருக்கு?”

“அதைக் கழட்டி நடையில வீசிட்டேன். அது எடுத்துக் கட்டிக்கிச்சு.”

“எதுடா?”

“செக்குமாட்டுக்கு எதுக்குடா இவ்ளோ நல்ல செட்டுன்னு நீங்களாத்தான் பிடுங்கிட்டுப் போனீங்க. நான் வேணாம்னு சொன்னேன். ஒரே ஒரு தடவை சொன்னேன்.”

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

பயமுறுத்திக் காலை வீங்கவைத்துப் போட்டியில் தோற்கடிக்கப் பார்க்கிறான் பயல். அவனுக்கா பயப்படுவது? வேண்டுமென்றே நிறுத்தினார்.

புள்ளி இருபதில் இருந்தது. ஏறியது. பதினைந்து. இதயத் துடிப்பு எழுபது, எண்பது. ஆசையோடு ஓடி வருகிற எதனுடையதோ போல.

நடையிலிருந்து ஒரு வாடை வந்தது. நாள்பட்ட வியர்வையில் ஊறி, ஒருபோதும் வெயில் காணாத துணியின் வாடை. கூடவே தரையில் சொட்டும் சத்தம். ஒரு சொட்டு. இன்னொன்று, கொஞ்சம் இப்பால்.

மிதித்தார். வெறிகொண்டு மிதித்தார். பச்சை.

கதவு பின்னால். ஷூவைக் கழற்ற வேண்டுமென்றால் காலை நிறுத்திக் குதிகாலைத் திருக வேண்டும். நிறுத்தினால் புள்ளி. தொடை எரிந்தது. மணிக்கட்டில் கடிகாரம் அதிர்ந்தது. நூற்று எழுபத்தொன்று. அதன் கீழே அன்பாக ஒரு வரி: ஓய்வெடுக்கவும்.

இரண்டு வருடம். மச்சான் இரண்டு வருடம் மிதித்திருக்கிறான்.

கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது. கால் நின்றது. உருளையின் இரைச்சல் மெல்ல மெல்ல அடங்கியது.

புள்ளி ஏறியது. பத்து. ஐந்து. இரண்டு.

பச்சை.

அவர் திரும்பவில்லை.

பின்னால் எதுவோ கழற்றப்படும் சத்தம். கொக்கி விடுபடும் சத்தம். திரையில் துடிப்பு மறைந்து வெறும் கோடுகள் நின்றன. பிறகு அவர் முதுகில், பனியனை மேலே தூக்கி, குளிர்ந்த ஈரமான சதுரம் ஒன்று ஒட்டியது. பக்கத்தில் இன்னொன்று. பட்டை விலாவைச் சுற்றிப் பொறுமையாக இறுகியது.

நெஞ்சுக்கு முன்னால் கொக்கி மாட்டிக்கொண்டது.

திரையில் நூற்று எழுபத்தொன்று. கடிகாரத்திலும் நூற்று எழுபத்தொன்று. எந்தக் கருவியும் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டு எண்களும் ஒன்றாகவே இறங்கத் தொடங்கின; முப்பத்தெட்டிலும் நிற்கவில்லை.