பெருக்கல் குறி போட்ட பாடங்கள்

"சொல்லிடு! ஃபாரத்தை எங்க வச்சு மாத்தின? பள்ளிக்கூட வாசல்லயா, வழியிலேயே எங்கயாவது உட்கார்ந்தா?"

காலை எட்டு மணிக்கு, முன்னறையையே தையல் கடையாக வைத்திருக்கும் அந்த வீட்டில், ஒரு மெஷின்கூட ஓடவில்லை. கேட்டவர் வெட்டு மேஜைக்குப் பின்னால் நின்ற மாஸ்டர். வீட்டுக்கு மூத்தவர். முப்பது வருஷமாகக் கத்தரி அவர் கையில்தான். எதிரே அவருடைய தம்பி மனைவி, மடியில் ஒரு சட்டையோடு தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். கடையில் தைக்கிற அத்தனை சட்டைக்கும் பொத்தான் துளை, அதுதான் காஜா, எடுப்பவள் அவள். அதனால் தெருவில் எல்லோருக்கும் அவள் 'காஜாக்கா'.

விஷயம் இதுதான். காஜாக்காவின் மகள் மேல்வகுப்புக்குப் போகிறாள். மொழிப்பாடம் போக, எட்டுப் பாடங்களில் நாலை ஃபாரத்தில் குறித்துக் கொடுக்கவேண்டும். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணக்கு என்று மாஸ்டர் எப்போதோ முடிவு கட்டிவிட்டார். அவருக்குப் பிள்ளை இல்லை, தம்பி மகள்தான் உயிர். அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் "எங்க வீட்டு டாக்டரம்மா" என்று சொல்லிச் சொல்லி, ஆய்வகத்துக்கு ஒரு வெள்ளைக் கோட்டே தைத்து மாட்டிவிட்டார். நேற்று மாலை பள்ளியில் பட்டியல் ஒட்டினார்கள். பார்த்தால்... வரலாறு, புவியியல், பொருளாதாரம், கணக்குப்பதிவியல்! திருத்தம் வேண்டுமென்றால் இன்று பகல் பன்னிரண்டுக்குள் வரவேண்டுமாம்.

"நானே என் கையால போட்ட ஃபாரம் அது!" மாஸ்டர் மேஜையைத் தட்டினார். "என் கை என்னைக்காவது தப்பாப் போயிருக்கா?"

"கொண்டுபோய்க் கொடுத்தது இவ ஒருத்திதானே?" என்றாள் மாஸ்டரின் மனைவி. "'பிள்ளைக்குப் பிடிச்சதைப் படிக்கட்டுமே அக்கா'ன்னு அன்னைக்கே என்கிட்ட இழுத்தா! அந்தக் கோட்டைப் பாருங்க, மூணு வாரமாத் தொங்குது. எல்லாச் சட்டைக்கும் காஜா எடுக்கிறவ, அதுக்கு மட்டும் எடுக்கல. இப்பத்தானே புரியுது!"

காஜாக்கா நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். மெஷினில் உட்கார்ந்திருந்த அந்த மனிதராவது ஒரு வார்த்தை சொல்வாரா... சொன்னார்!

"வயித்தெரிச்சல் அண்ணே. இவ பத்தாவதோட நின்னவதானே? தனக்குக் கிடைக்காதது மகளுக்கும் கிடைக்கக்கூடாதுன்னு நினைச்சிருப்பா."

ஊசி விரலில் ஏறியது. அது ஒன்றும் வலிக்கவில்லை. கூடப்பிறந்த தம்பி படிக்கட்டும் என்று, கைக்கு வந்த மேல்வகுப்பு ஃபாரத்தை அவள் அப்படியே திருப்பிக் கொடுத்தாள் என்பது இவருக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவளே அழுதுகொண்டே சொன்னதுதான். அந்த வாயா இப்படிப் பேசுகிறது! கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு இருபது.

அடுக்களைக்குப் போனாள். மகள் பின்னாலேயே வந்து காதோரம் கேட்டாள்.

"அம்மா... நீதானே மாத்தின? எனக்காகத்தானே?"

"போய்த் தலையைச் சீவு."

அவள் மாற்றவில்லை. சத்தியமாக மாற்றவில்லை! ஆனால் என்ன நடந்தது என்று அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கடையில் ஒரு வழக்கம் உண்டு. தைக்கவேண்டிய துணியின் சீட்டில் நீலப் பென்சிலால் பெருக்கல் குறி. தைத்து முடித்ததற்கு டிக். டிக் விழுந்ததை அப்புறம் யாரும் தொடமாட்டார்கள். அதே நீலப் பென்சிலை எடுத்து, கீழே பொடி எழுத்தில் இருந்த குறிப்பைப் படிக்காமல், மாஸ்டர் ஃபாரத்தையும் நிரப்பிவிட்டார். மகள் படிக்கவேண்டிய நாலுக்கும் பெருக்கல் குறி. இனித் தொடவே வேண்டாத நாலுக்கும் டிக். பள்ளிக்கூடத்தில் டிக் என்றால் வேண்டும் என்று அர்த்தம் என்பது அந்த மகானுக்குத் தோன்றவே இல்லை!

திங்கட்கிழமை கவுண்டரில் கொடுத்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். "டிக் போட்ட இந்த நாலுதானே?" என்று கிளார்க்கம்மா கேட்டார். அவள் வாய் திறந்தது, மூடியது. தவளைப் படத்தைப் பார்த்தாலே முகம் வெளுக்கிற மகள் நினைவுக்கு வந்தாள். வெட்டிப் போட்ட காகிதத்தின் பின்பக்கத்தில் தெருத்தெருவாக வரைபடம் போட்டுக் கட்டிலுக்கடியில் சுருட்டி வைக்கிற மகள். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டாள்.

இப்போது ஒரு வார்த்தை போதும், பழி போய்விடும். ஆனால் பன்னிரண்டுக்குள் ஃபாரமும் திருந்திவிடும். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். ஒன்பதே கால். கூடத்துக்கு வந்தாள், போனாள். பத்து. இந்தக் கடிகாரத்துக்கு என்ன வந்தது, நகரவே மாட்டேன் என்கிறதே!

பத்தே முக்காலுக்கு மாஸ்டர் செருப்பை மாட்டினார். "கிளம்பு. நான்தான் மாத்தினேன்னு நீயே உன் வாயால அங்க சொல்லு. பாப்பா, நீயும் வா."

பள்ளி அலுவலகத்தில் நீண்ட வரிசை. ஒவ்வொருவராக நகர, காஜாக்கா முந்தானை நுனியை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிவிட்டாள். அவர்கள் முறை வந்தபோது பதினொன்று நாற்பது.

"யாரோ ஃபாரத்தை மாத்திட்டாங்கம்மா. நான் போட்டது வேற," என்றார் மாஸ்டர்.

கிளார்க்கம்மா கட்டைப் பிரித்து ஃபாரத்தை எடுத்து நீட்டினார். மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நீலப் பென்சில். அவருடைய அழுத்தம், அவருடைய கோணல். அப்புறம் விரலை வைத்து, கீழே இருந்த பொடி எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார்.

"இது... என் கைதான்."

வரிசையில் யாரோ இருமினார்கள். அவர் மெல்லத் திரும்பினார். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கொடுக்கும்போதே பார்த்தேன் அத்தான். நான் மாத்தல. ஆனா உங்ககிட்ட வந்து சொல்லவும் இல்ல. அந்தத் தப்பு மட்டும் என்னுதுதான்."

"காலையில அத்தனை பேச்சு வாங்கினியே! உங்க குறிதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ தப்பிச்சிருப்பியே!"

"நான் தப்பிச்சிருப்பேன்..." அவள் மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "இவ மாட்டிக்கிட்டிருப்பா அத்தான்."

மகள் உடைந்து அழுதாள். "எனக்கு டாக்டர் வேண்டாம் பெரியப்பா! அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல வாய் வரல. அம்மாவைத் திட்டினப்பகூட வாயை மூடிக்கிட்டு நின்னேன். எனக்குப் புவியியல்தான் வேணும்!"

"திருத்தணுமா வேண்டாமா? மணி பதினொன்று ஐம்பது," என்றார் கிளார்க்கம்மா.

மாஸ்டர் தம்பி மகளை அல்ல, தன் மகளையே பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஃபாரத்தை மெதுவாகத் திருப்பித் தள்ளினார்.

"வேண்டாம்மா. டிக் போட்டதைத் தொடக்கூடாது. அது எங்க கடை வழக்கம்."

அப்புறம் மகளையும் தாயையும் வெளியே அனுப்பிவிட்டு, கிளார்க்கம்மாவிடம் குனிந்து வேறு எதையோ கேட்டு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் உட்காரக்கூட இல்லை. "எல்லாரும் கேளுங்க. தப்பு என் கையோடது. இவ மேல ஒரு பாவமும் இல்ல. டேய், காலையில நீ என்ன சொன்ன? வயித்தெரிச்சலா? இப்பச் சொல்லு பார்ப்போம்!"

தம்பி மெஷினைவிட்டு எழுந்து வந்தார். மனைவி எதிரே நின்றார். "நீ அழுதுக்கிட்டே சொன்னதை எடுத்தே உன்னைக் குத்திட்டேன்..." என்றார். முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"இனிமே அப்படிச் சொல்லாதீங்க," என்றாள் காஜாக்கா. "அது மட்டும் தாங்கல."

மாஸ்டர் பைக்குள் கைவிட்டு ஒரு ஃபாரத்தை எடுத்து வெட்டு மேஜையில் விரித்தார். வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுதுகிறவர்களுக்கானது. அதே எட்டுப் பாடங்கள். பக்கத்தில் நீலப் பென்சிலை வைத்துவிட்டுக் காஜாக்காவைப் பார்த்தார்.

"நாலு எடுத்துக்கோ. நீயே போடு, நான் பக்கத்துலகூட வரல. டிக் போடும்மா... கடை வழக்கத்துல போட்டுத் தொலைச்சிடாதே!"

எல்லோருக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மகள் தாயின் தோளைக் கட்டிக்கொண்டாள். காஜாக்கா பென்சிலை எடுத்தாள். எட்டுக் கட்டங்களையும் இரண்டு முறை படித்தாள். அப்புறம் வரலாற்றுக்கு எதிரே, அழுத்தமாக, ஒரு டிக் போட்டாள்.

மாஸ்டரின் மனைவி வந்து, நாற்காலியில் பாதி வேலையில் கிடந்த சட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீ படிச்சுப் பார்த்து மெதுவாப் போடு. இந்தக் காஜாவை நான் முடிக்கிறேன்."